ரெட்டை வாடகை வண்டியும் ஐந்து சென்ட் ரயிலும்

1

எங்க தாத்தா பஸ்ஸில் உட்கார மாட்டார். இடம் காலியாகக் கிடந்தாலும் பின்பக்கப் படிக்கட்டை ஒட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் சின்னப் பையன். "தாத்தா, இங்க எடம் இருக்கு, வா" என்று துண்டைப் பிடித்து இழுப்பேன். "நீ உக்காரு ராசா, எனக்கு இப்பிடி நின்னாத்தான் காத்தாட இருக்கு" என்பார். ரொம்ப நாளைக்கு அதை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு அம்மாதான் சொன்னாள். தாத்தா வாலிபனாக இருந்தபோது எங்கள் பக்கம் ஓடிய பஸ்ஸில் நம்ம ஆட்கள் ஏறலாம், காசு கொடுக்கலாம், உட்காரத்தான் கூடாது. கண்டக்டர் டிக்கட்டைக் கையில் தரமாட்டான். விரித்த துண்டில் போடுவான். மிச்சச் சில்லறையும் அப்படியே மேலேயிருந்து விழும். சட்டம் வந்தது, அரசு பஸ் வந்தது, கண்டக்டர் வேலைக்கு நம்ம பிள்ளைகளே வந்தார்கள். எல்லாம் மாறியும் தாத்தாவின் உடம்பு மட்டும் மாறவில்லை. சாகிற வரைக்கும் நின்றுகொண்டேதான் போனார்.

நம் வரலாற்றை வண்டிகளை வைத்தே எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றும். யார் ஏறினார்கள், யாரை ஏற்றவில்லை, யார் வண்டியோடு கூடவே நடந்தார்கள் என்று கணக்கெடுத்தால் போதும். 1893-ல் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்லுவண்டி பூட்டிக்கொண்டு பொதுச்சாலையில் போனாரே, அது சும்மா ஒரு சவாரியா? சாலையும் வண்டியும் யாருடையது என்று கேட்ட சவாரி அது.

அம்பேத்கர் நியூயார்க்கிலும் லண்டனிலும் மாணவராக இருந்த காலத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். வாங்கிய பட்டங்கள், எழுதிய ஆய்வேடுகள், படித்துக்கொடுத்த பேராசிரியர்கள் எல்லாவற்றையும் எழுதியாகிவிட்டது. நான் அந்த ரெண்டு ஊர்களின் ரயிலையும் பஸ்ஸையும் வைத்து அந்தக் காலத்தைப் பார்க்கிறேன். தாத்தாவோடு நின்றுகொண்டே பயணம் செய்தவனுக்கு வேறெப்படிப் பார்க்கத் தோன்றும்?

2

முதலில் மசூர் ரயில் நிலையத்துக்குப் போகவேண்டும்.

1901. அப்பா ராம்ஜி சக்பால் கோரேகாவில் காசாளர் வேலையில் இருக்கிறார். கோடை விடுமுறைக்கு வாருங்கள் என்று பிள்ளைகளுக்கு எழுதுகிறார். சதாராவிலிருந்து பத்து வயசுப் பையன் பீம்ராவும், அண்ணனும், செத்துப்போன அக்காவின் பிள்ளைகளும் கிளம்புகிறார்கள். புதுச்சட்டை, சரிகைத் தொப்பி, புதுச்செருப்பு, பட்டுக்கரை வேட்டி. ரயில் ஏறி மசூரில் இறங்குகிறார்கள். இவர்கள் வருகிற தேதியை எழுதிய கடிதம் அப்பா கைக்குப் போய்ச் சேரவில்லை. அழைத்துப் போக யாரும் வரவில்லை.

உடுப்பைப் பார்த்த ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் என்று நினைத்து அன்பாகத்தான் வந்து விசாரிக்கிறார். 'நீங்க யாரு?' 'மகர்' என்று பிள்ளைகள் யோசிக்காமல் சொல்லிவிடுகிறார்கள். அவர் முகம் மாறுகிறது. அப்படியே திரும்பி அறைக்குள் போய்விடுகிறார். வெளியே வாடகை மாட்டுவண்டிகள் நிற்கின்றன. ஒருத்தனும் வரமாட்டேன் என்கிறான். ரெட்டை வாடகை தருகிறோம் என்றாலும் வரமாட்டேன் என்கிறான். கடைசியில் ஓர் ஏற்பாடு நடக்கிறது. வாடகை ரெட்டை, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டவேண்டும், வண்டிக்காரன் பக்கத்தில் நடந்து வருவான்.

இதை அம்பேத்கரே 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அதில் என்னை மறக்கவிடாத இடம் ஒன்று உண்டு. நாலைந்து மைல் போனதும், இருட்டிய பிறகு, அந்த வண்டிக்காரன் ஒரே தாவாகத் தாவி வண்டியில் ஏறிச் சாட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓட்ட ஆரம்பித்துவிடுகிறான். பகலில் இருந்த தீட்டு ராத்திரி எங்கே போனது? பார்க்க ஆள் இல்லாத இடத்தில் தீட்டும் இல்லை, அவ்வளவுதான். தீட்டு மகர் பிள்ளையின் உடம்பில் இல்லை, ஸ்டேஷன் வாசலில் நின்று பார்க்கிறவன் கண்ணில் இருக்கிறது.

கட்டிக்கொண்டு வந்த சோறு அந்தப் பிள்ளைகளிடம் நிறைய இருந்தது. தண்ணீர்தான் இல்லை. கேட்ட இடத்தில் யாரும் கொடுக்கவில்லை. ராத்திரி பூராவும் பயந்து பயந்து கிடந்து மறுநாள் முற்பகலில் போய்ச் சேர்ந்தார்கள்.

இதில் கவனிக்கவேண்டியது, ரயில் ஏறுகிற வரைக்கும் பிரச்சினை இல்லை. டிக்கட் கேட்டார்கள், கிடைத்தது. இறங்கின இடத்தில்தான் சாதி காத்துக்கொண்டிருந்தது. நம் நாட்டில் ரயில் முதன்முதலாக ஓடியது 1853-ல், பம்பாயிலிருந்து தாணா வரைக்கும். அதே 1853-ல் மார்க்ஸ் எழுதினார், ரயிலிலிருந்து கிளம்புகிற நவீனத் தொழில், சாதிக்கு அடிப்படையான பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று. நம் தோழர்கள் அதை மேடை மேடையாகச் சொன்னார்கள். 48 வருஷம் கழித்து ரயில் மசூருக்கு வந்திருந்தது. ஆனால் சாதி ஸ்டேஷன் வாசலில் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

3

1913 ஜூலையில் அம்பேத்கர் நியூயார்க்கில் இறங்குகிறார். வயது 22. பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுண்டு. ஏறக்குறைய 56 டாலர். அதில் சாப்பாடு, அறை, புத்தகம் எல்லாம் பார்த்து, ரமாபாய்க்கும் வீட்டுக்கும் அனுப்பவேண்டும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி விடுதியில் முதலில் சில நாள் இருந்தார். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம் 114-ஆவது தெருவில் காஸ்மாபாலிட்டன் கிளப். அப்புறம் லிவிங்ஸ்டன் விடுதியில் நாவல் பத்தேனா என்ற பார்சி நண்பரோடு ஓர் அறை. மூன்று இடமும் பிராட்வே சாலைக்கு நடக்கிற தூரம்தான். பல்கலைக்கழக வாசலுக்கு நேரே, 116-ஆவது தெருவில், பாதாள ரயில் நிலையம். ஊரின் முதல் சுரங்க ரயில்பாதை 1904 அக்டோபர் 27-ல் திறந்தபோதே திறந்த நிலையம் அது. மாநகராட்சி மண்டபத்திலிருந்து 145-ஆவது தெரு வரைக்கும் ஒன்பது மைல், 28 நிலையங்கள், மின்சாரத்தில் ஓடுகிற ரயில். கட்டணம் ஐந்து சென்ட். ஒரு ஸ்டாப்பிங் போனாலும் ஐந்து சென்ட், கடைசி வரைக்கும் போனாலும் ஐந்து சென்ட். 1948 வரைக்கும் அந்த ஐந்து சென்ட்டில் மாற்றம் வரவில்லை.

படியிறங்கிப் போனால் ஜன்னலில் ஓர் ஆள். காசை நீட்டினால் டிக்கட். டிக்கட்டை வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போகவேண்டும். அதோடு சரி. 'எந்த ஊரு?' 'என்ன ஆளுக?' என்று கேட்க அங்கே ஆளுக்கு நேரமில்லை. பின்னால் வரிசை நிற்கிறது.

அந்தக் காலத்தில் 116-ஆவது தெருவில் ஏறினால் டைம்ஸ் சதுக்கம் வழியாக 42-ஆவது தெருவிலேயே கிழக்கே திரும்பி கிராண்ட் சென்ட்ரல் வரைக்கும் அதே பாதையில் போகலாம். அவசரமாகப் போகிறவர்கள் 96-ஆவது தெருவில் விரைவு ரயிலுக்கு மாறிக்கொள்வார்கள். நாலு தண்டவாளம் போட்டிருந்தார்கள். நடு ரெண்டும் விரைவு ரயிலுக்கு, ஓர ரெண்டும் எல்லா இடத்திலும் நிற்கிற ரயிலுக்கு. கிராண்ட் சென்ட்ரலில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஐந்தாவது அவென்யூவில் பெரிய பொதுநூலகம், 1911-ல் திறந்தது. அதற்கும் தெற்கே பழைய புத்தகக் கடைகள். அம்பேத்கர் அந்த மூன்று வருஷத்தில் ஏறக்குறைய 2,000 பழைய புத்தகங்கள் சேர்த்தார் என்று வரலாறு சொல்கிறது.

காலையிலும் சாயந்திரமும் அந்த ரயிலில் கூட்டம் நெரியும். இத்தாலியத் தொழிலாளி, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதத் தையல்காரர், ஐரிஷ்காரர், ஆபீஸ் குமாஸ்தா, கல்லூரி மாணவன், எல்லாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த இடிபாட்டை நியூயார்க்காரன் தொல்லை என்று சொல்லுவான். அவனுக்கு அது தொல்லைதான். தன் நிழல் யார்மேல் விழுகிறது என்று பார்த்துப் பார்த்து நடந்த சனத்திலிருந்து போன ஒருத்தனுக்கு, ரயிலில் முன்பின் தெரியாதவன் தோள் தன் தோளில் அழுந்துவது என்னவாக இருந்திருக்கும்? ஒதுங்காத உடம்பு. முகம் மாறாத முகம். டிக்கட்டைக் கையில் வைக்கிற விரல்.

அய்ரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த காலத்தில் தான் தீண்டத்தகாதவன் என்கிற நினைப்பே தன் மனசைவிட்டுப் போய்விட்டது என்று பிற்பாடு அவர் எழுதினார். அந்த நினைப்பு நூலகத்தில் மட்டும் போயிருக்காது. வகுப்பறைக்கு உள்ளே மரியாதை கிடைப்பது ஒரு விதம். தெருவில், படிக்கட்டில், பெட்டியில், பேர் தெரியாத ஆயிரம் பேருக்கு நடுவே யாரும் கண்டுகொள்ளாமல் விடுவது வேறொரு விதம். நமக்கு அந்த ரெண்டாவதும் வேணும். ஊரில் நம்மைக் கண்டுகொள்ளாதவன் ஒருத்தன்கூடக் கிடையாதே.

1916 மே 9-ல் கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை அவர் படித்தார். சாதியை எட்ட நின்று, ஒரு பொருளைப் பார்ப்பதுபோலப் பார்க்கிற கண் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. சாதி கேட்காத ஊரில் மூன்று வருஷம் நடமாடிய கால்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

4

அதற்காக நியூயார்க்கைச் சொர்க்கமாக்கிவிட வேண்டாம். அந்த இருக்கையும் சும்மா வந்ததில்லை.

1854 ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை. எலிசபெத் ஜென்னிங்ஸ் என்ற கருப்பின ஆசிரியை தேவாலயத்துக்குப் போவதற்காக மூன்றாவது அவென்யூவில் குதிரை இழுக்கும் டிராமில் ஏறினார். இறங்கு என்றான் கண்டக்டர். இறங்கமாட்டேன் என்றார் அவர். பிடித்து இழுத்தார்கள், ஜன்னல் சட்டத்தைப் பற்றிக்கொண்டார். கடைசியில் போலீஸ்காரனைக் கூட்டிவந்து கீழே தள்ளினார்கள். அவர் வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடிய இளம் வக்கீல் செஸ்டர் ஆர்தர் பின்னாளில் அந்த நாட்டின் ஜனாதிபதியானார். 1855-ல் தீர்ப்பு. ஒழுங்காக நடந்துகொள்கிற எவரையும் நிறத்துக்காக ஏற்ற மறுக்கக் கூடாது, 225 டாலர் நஷ்டஈடு கொடு என்றது நீதிமன்றம். அடுத்த பத்து வருஷத்தில் ஊர் டிராம்கள் எல்லாவற்றிலும் கருப்பர்கள் ஏறினார்கள். அம்பேத்கர் இறங்கிய நியூயார்க்கில் யாரும் யாரையும் கேட்காமல் உட்கார்ந்தார்கள் என்றால், ஒரு வாத்தியாரம்மா ஜன்னலைப் பிடித்துத் தொங்கியதால்தான்.

தெற்கே நிலைமை வேறு. லூசியானாவில் 1892-ல் ஹோமர் பிளெஸ்ஸி வெள்ளையர் ரயில்பெட்டியில் உட்கார்ந்து கைதானார். தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் சரி என்று 1896-ல் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. அம்பேத்கர் கொலம்பியாவில் படித்த காலத்தில் அந்தச் சட்டம்தான் தெற்கு மாநிலங்களில் ரயிலை ஓட்டிக்கொண்டிருந்தது.

நியூயார்க்கிலேயே அந்தச் சுரங்க ரயில் 96-ஆவது தெருவைத் தாண்டி ரெண்டாகப் பிரியும். ஒரு கிளை பிராட்வே வழியாகக் கொலம்பியாவுக்குப் போகும். இன்னொன்று லெனாக்ஸ் அவென்யூ வழியாக ஹார்லெமுக்குப் போகும். ரயில் வருகிறது என்று ஹார்லெமில் போட்டிபோட்டு வீடு கட்டினார்கள். கட்டினது அதிகமாகி ஆள் வராமல் காலியாகக் கிடந்தன. அந்த வீடுகளில்தான் கருப்பர்கள் குடியேற வழி கிடைத்தது. ஒரே ரயில். ஒரு கிளையில் பல்கலைக்கழகம், மறு கிளையில் கருப்பர் சேரி. பயணியாக ஏறலாமே தவிர ஓட்டுகிற வேலை கருப்பனுக்குக் கிடையாது. பஸ்ஸில் டிரைவர் வேலை கேட்டு ஹார்லெம் சனம் 1941-ல் பஸ்ஸையே புறக்கணித்துத்தான் அதை வாங்கியது.

இதையெல்லாம் சொல்லக் காரணம், சிலர் நினைக்கிறதுபோல நவீனம் வந்தால் சமத்துவம் தானாக வந்துவிடாது. இரும்பும் மின்சாரமும் ரெண்டு பக்கமும் ஓடும். இருக்கையில் யார் உட்காருவது என்று எஞ்சின் முடிவு பண்ணுவதில்லை.

5

1916-ல் லண்டன் போனார். லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்டக்கழகத்திலும் சேர்ந்தார். அப்போது உலகப்போர். ஆம்பிளைகள் போருக்குப் போய்விட்டதால் பஸ்ஸிலும் டிராமிலும் பெண்கள் கண்டக்டர் வேலை பார்த்தார்கள். உதவித்தொகை முடிந்து 1917-ல் பாதியில் திரும்பவேண்டியதாயிற்று. பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் வேலைபார்த்து மிச்சம்பிடித்த பணம், கோலாப்பூர் சாகு மகாராஜா செய்த உதவி, பத்தேனாவிடம் வாங்கிய ஐயாயிரம் ரூபாய்க் கடன், இவ்வளவையும் சேர்த்துக்கொண்டு 1920-ல் மறுபடி போனார்.

1921-22-ல் அவர் குடியிருந்த வீடு பிரிம்ரோஸ் ஹில் பக்கம், கிங் ஹென்றி சாலை 10-ஆம் எண். அந்த வீட்டை மகாராஷ்டிர அரசு 2015-ல் வாங்கி நினைவில்லம் ஆக்கியிருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சாக் ஃபார்ம் பாதாள ரயில் நிலையம், 1907-ல் திறந்தது. அதில் ஏறினால் மாறாமல் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் இறங்கலாம். ஐந்து நிமிஷ நடையில் பிரிட்டிஷ் மியூசியம். அங்கேதான் வட்டமான அந்தப் பெரிய வாசகசாலை.

லண்டன் பாதாள ரயில்தான் உலகத்திலேயே முதலாவது. 1863-ல் நீராவி எஞ்சின் வைத்துப் புகையோடு ஓட ஆரம்பித்து, 1890-லிருந்து ஆழத்தில் குழாய்போலத் தோண்டிய பாதைகளில் மின்சாரத்தில் ஓடியது. மேலே தெருவில் மாடிப் பஸ். மேல்தட்டுக்குக் கூரை கிடையாது. பின்பக்கம் வெளியே தெரிகிற வளைந்த படி. மழையில் மேலே உட்கார்ந்தால் நனையவேண்டியதுதான். அதிகாலையில் போகிற கூலித் தொழிலாளிக்குக் குறைந்த கட்டணத்தில் தனி டிக்கட் உண்டு. 1883-லேயே அதற்குச் சட்டம் போட்டிருந்தார்கள். மெட்ரோபாலிட்டன் ரயிலில் முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று பிரிவும் இருந்தது. காசு மனுசனைப் பிரித்தது. காசு கொடுத்தவனைப் பிறப்பு பிரிக்கவில்லை. காசு பிரிக்கிறதும் அநியாயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மசூரில் ரெட்டை வாடகை நீட்டியும் வண்டி கிடைக்காதவர்களின் கணக்கு வேறு.

வேடிக்கை என்னவென்றால், வண்டி மறுக்காத இந்த ஊரில் அவரிடம் வண்டிக்குக் காசில்லை. காலையில் ஒரு துண்டு ரொட்டியும் ஏதோ சூடான பானமும், ராத்திரி தகரத்தில் சுட்ட அப்பளமும்தான் சாப்பாடு. பஸ் காசை மிச்சம்பிடிக்க நடந்தே போவார் என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பிரிம்ரோஸ் ஹில்லிலிருந்து மியூசியத்துக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும். போக வர எட்டு. வாசகசாலை திறக்கிறபோது முதல் ஆளாய் நுழைந்து மூடுகிறபோது கடைசியாய் வருவார். மியூசியம் முடிந்தால் வொயிட்ஹால் பக்கம் இந்தியா ஆபீஸ் நூலகம். பொருளாதாரப் பள்ளி ஆல்ட்விச் பக்கம், சட்டக்கழகம் ஹோல்பர்ன் பக்கம். இத்தனை இடத்துக்கும் நடுவில் ஓடியாடித்தான் 1921-ல் எம்.எஸ்.சி., 1922-ல் பாரிஸ்டர், 1923-ல் 'ரூபாயின் பிரச்சினை'க்கு டி.எஸ்.சி. எல்லாம் வந்தது.

ஊரில் நம் ஆள் நடப்பதற்கும் இந்த நடைக்கும் வித்தியாசம் உண்டு. ஏறக்கூடாது என்று ஒருத்தன் சொன்னதால் நடப்பது ஒன்று. காசை மிச்சம்பிடித்து புத்தகம் வாங்கலாம் என்று தானே முடிவுபண்ணி நடப்பது இன்னொன்று. கால் வலி ரெண்டுக்கும் ஒன்றுதான். மனசு வேறு.

6

இத்தனை படித்தவரை இங்கே வண்டிகள் எப்படி ஏற்றின?

1917-ல் லண்டனிலிருந்து வந்ததும் ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்குப் போனார். தங்க இடம் கிடைக்காமல், பார்சிப் பேர் வைத்து ஒரு பார்சி சத்திரத்தில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். பொதுப்பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலுக்கு பம்பாய் திரும்பினார். நியூயார்க் ரயிலில் முன்பின் தெரியாதவனோடு இடித்துக்கொண்டு நின்ற மனுசனுக்கு சொந்த நாட்டில் ஒரு கட்டில் இல்லை.

1929-ல் சாலீஸ்காவ். அப்போது அவர் பாரிஸ்டர், டாக்டர், பம்பாய் சட்டமன்ற உறுப்பினர், தாழ்த்தப்பட்டவர் குறைகளை விசாரிக்க அரசு போட்ட குழுவின் உறுப்பினர். ஸ்டேஷனில் இறங்குகிறார். ஊர் மகர்கள் வந்து, ராத்திரி தங்கிவிட்டுப் போகவேண்டும் என்று அழைக்கிறார்கள். குதிரைவண்டிக்காரர்கள் வரமாட்டேன் என்கிறார்கள். ஒரு தீண்டத்தகாதவனை உட்காரவைத்து வண்டி ஓட்டுவது அவர்களுக்குக் கேவலம். தலைவரை நடக்கவைப்பதா என்று மகர்களுக்கு மனசு கேட்கவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, அவர்களில் ஒருத்தரே ஓட்டுகிறார். ஓட்டிப் பழக்கமில்லாதவர். பாலத்தில் வண்டி கவிழ்ந்து அம்பேத்கர் கல்தளத்தில் தூக்கியெறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன.

1901-ல் பிள்ளைகளே வண்டி ஓட்டினார்கள். 1929-ல் நம் ஆட்களே ஓட்டினார்கள். நடுவில் 28 வருஷம், ரெண்டு கண்டம், நாலைந்து பட்டம். வண்டிக்காரன் இருந்த இடத்திலேயே இருந்தான். படித்தால் சாதி போய்விடும் என்று நமக்குச் சொல்கிறார்களே, அவர்களுக்கு அந்த முறிந்த கால்தான் பதில்.

7

இனிமேல்தான் நான் சொல்லவந்தது.

சாலீஸ்காவ் நடந்த மறுவருஷம், 1930 நவம்பர். லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு. தாழ்த்தப்பட்டவர்களின் பிரதிநிதிகளாகப் போனவர்கள் ரெண்டே பேர். ஒருவர் அம்பேத்கர். இன்னொருவர் நம் ரெட்டைமலை சீனிவாசன். அவர் யார் என்று இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பொதுச்சாலையிலும் கிணற்றிலும் தாழ்த்தப்பட்டவருக்கு உரிமை வேண்டும் என்று 1924-ல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர்.

ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு பாதுகாப்புத் திட்டத்தைக் கொடுத்தார்கள். அதில் குடியுரிமையை மறுப்பதைக் குற்றமாக்கும் பிரிவு ஒன்று உண்டு. விடுதி, பள்ளி, சாலை, பாதை, தெரு, குளம், கிணறு, பொழுதுபோக்கு இடம் என்று வரிசையாக வரும். அந்த வரிசைக்கு நடுவில், நிலத்திலும் ஆகாயத்திலும் நீரிலும் செல்கிற பொது வாகனங்கள் என்று இருக்கிறது. தீண்டாமையைக் காரணம் காட்டி இவற்றை மறுத்தால் ஐந்து வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதமும் உண்டு.

இந்த வாசகத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்று அதிலேயே குறிப்பு இருக்கிறது. அமெரிக்காவில் கருப்பர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பிறகு 1866-லும் 1875-லும் வந்த குடியுரிமைச் சட்டங்கள்தான் மூலம். 1875 மார்ச் 1 சட்டம் விடுதி, நாடகக் கொட்டகை, நிலத்திலும் நீரிலும் போகிற பொது வாகனம் எல்லாம் சகலருக்கும் சமம் என்றது. அந்தச் சட்டம் அங்கே நிலைக்கவில்லை. ஒரு கருப்பினப் பெண்ணை ரயிலில் பெண்கள் பெட்டியில் விடாதது உள்பட ஐந்து வழக்குகளைச் சேர்த்து விசாரித்து, 1883-ல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. அந்த நாடு வேண்டாம் என்று தூக்கிப்போட்ட சட்டத்தை, அந்த நாட்டில் மாணவனாக இருந்த ஒருத்தர் பொறுக்கியெடுத்து நமக்காக மேசைமேல் வைத்தார்.

வைத்தவர் ஒரு சொல்லையும் சேர்த்தார். 1875-ல் நிலமும் நீரும் மட்டும்தான். 1930-ல் ஆகாயம் வந்துவிட்டது. அன்றைக்கு நம் சனத்தில் விமானத்தில் போக எத்தனை பேருக்கு வசதி இருந்திருக்கும்? மாட்டுவண்டியே கிடைக்காத காலம். ஆனால் நாளைக்கு வருகிற வண்டியிலும் இவன்கள் இதையேதான் செய்வான்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வண்டி எதுவானாலும் வாசலை முன்கூட்டியே திறந்துவைக்கவேண்டும் என்றுதான் ஆகாயத்தையும் எழுதினார்.

சட்டம் நம் கைக்கு வர இன்னும் 25 வருஷம் பிடித்தது. 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் பொது வாகனத்தை மறுப்பது குற்றம் என்று சேர்ந்தது. 1976-ல் அந்தச் சட்டத்துக்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் மாற்றினார்கள். 1955 டிசம்பரில் அலபாமாவில் மாண்ட்கமரி ஊரில் ரோசா பார்க்ஸ் பஸ் இருக்கையிலிருந்து எழுந்திருக்க மறுத்தார். அந்த ஊர்க் கருப்பர்கள் 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். ஜெயித்து 1956 டிசம்பர் 21-ல் மறுபடி பஸ் ஏறினார்கள். அம்பேத்கர் டிசம்பர் 6-ல் கண்மூடியிருந்தார். பதினைந்து நாள்தான் இடைவெளி.

8

நம் ஊர்க் கதைக்கு வருவோம். பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் பஸ் முதலாளிகள் தாழ்த்தப்பட்டவரை ஏற்றமாட்டார்கள். ஜில்லா போர்டு தலைவராக இருந்த சுயமரியாதைக்காரர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஏற்ற மறுத்தால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். அப்புறம்தான் எங்கள் பக்கம் பஸ் கதவு திறந்தது. திறந்த கதவுக்குள்தான் எங்க தாத்தா நின்றார்.

1997-ல் எனக்கு ஏழெட்டு வயசு. சேரன், சோழன், பாண்டியன், பல்லவன் என்று ராஜாக்கள் பேரில் போக்குவரத்துக் கழகங்கள் ஓடிக்கொண்டிருந்தன. விருதுநகரில் புதுசாகத் தொடங்கிய கழகத்துக்குக் கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பேரை அரசு வைத்தது. எங்க தெருவே பஸ்ஸைப் பார்க்க ரோட்டுக்குப் போனது. அந்தப் பேர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள் ஆதிக்கச் சாதியினர். கல் விழுந்தது, தென்மாவட்டமே கலவரமாச்சு, உயிர்கள் போயின. கடைசியில் அந்த வருஷம் ஜூலையில் எல்லாக் கழகங்களின் பேரையும் அரசு எடுத்துவிட்டது. ஒரு தலித் பேரைத் தாங்கமுடியாமல் சேர சோழ பாண்டியரையும் சேர்த்து அழித்தார்கள். அன்றைக்குத் தாத்தா சொன்னது ஞாபகம் இருக்கிறது. "நம்மள ஏத்த மாட்டேன்னாங்க. இப்ப நம்ம பேரு இருந்தா அவங்க ஏற மாட்டேங்காங்க. பஸ்ஸு என்னடா பண்ணும் பாவம்."

இன்றைக்கு எங்கள் ஊரில் பஸ் நிற்கிற இடம் ஊருக்குள் இருக்கிறது. காலனி அதற்கு முன்னாலேயே, ரோட்டின் மேலேயே இருக்கிறது. பஸ் காலனியைத் தாண்டிப்போய் ஊரில் நிற்கும். காலனிப் பிள்ளைகள் அதன் பின்னால் ஓடிப்போய் ஏறவேண்டும், திரும்பி வரும்போது ஊருக்குள் இறங்கி நடந்து வரவேண்டும். காலனிக்கு ஒரு நிறுத்தம் கேட்டு மூன்று தடவை மனு கொடுத்தோம். கடைசி மனுவை நான்தான் எழுதினேன். அதில் 1930 வாசகத்தையும் அப்படியே தமிழில் எழுதினேன். வாங்கிப் படித்த அதிகாரி, "நிறுத்தம்தான் கேக்குறீங்க, இதுக்கு எதுக்குங்க அம்பேத்கர், லண்டனெல்லாம்?" என்று சிரித்தார்.

அவருக்கு அன்றைக்கு நின்றபடியே கொஞ்சம்தான் சொல்லமுடிந்தது. சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். ஐந்து சென்ட்டுக்கு யாரென்று கேட்காமல் ஏற்றிய ரயிலும், ரெட்டை வாடகைக்கும் ஏற்றாத வண்டியும், முறிந்த காலும் சேர்ந்துதான் அந்த வாசகத்தை எழுதின. நிறுத்தம் இன்னும் வரவில்லை. நாலாவது மனுவைத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறோம். கையெழுத்துப் போட வருகிறவர்களில் அந்தப் பஸ்ஸுக்குப் பின்னால் தினமும் ஓடுகிற ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.